ரூட்டில் இல்லாத ஊர்

அத்தியாயம் 7

"நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். போடலன்னா நாலரைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட். இதான் மேடம் அவங்க கடைசியா சொன்னது."

ஃபீபி கையிலிருந்த சிடியை மேஜை மேல் வைத்தாள். அந்தோணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டு இருபது.

"மூணு மணி நேரம் நாப்பது நிமிஷம் இருக்கு. வேலூர்லேர்ந்து மெட்ராஸுக்கே போயிடலாம். கவலைப்படாதம்மா" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குமே அது சிரிப்பாக இல்லை.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த ஒற்றை அறைதான் குர்ஷித் பேகத்தின் துப்பறியும் நிலையம். பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைத் தோண்டி எடுத்துவிட்டு, ஒரு நாள் மேலதிகாரியின் கிளெய்மையே தோண்டியதால் வெளியே வந்தவள். அந்தோணி அவளுடைய உதவியாளன். அதற்கு முன் ஒன்பது வருஷம் வேலூர்–ஆம்பூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது அவனுக்கு இரண்டு வேலையிலும் வந்ததில்லை.

ஃபீபிக்கு இருபத்தைந்து வயது. அம்மா மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். ஃபீபியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் 'பதனம்' என்று ஒரு கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதினார்கள். பச்சைத் தோலாக, தோல் பதனிடும் டேனரிக்குள் நுழையும் ஒரு லாட், அதாவது ஒரு கட்டுத் தோல், பதமான தோலாக வெளியே போகும்வரை எங்கே இருக்கிறது, எவ்வளவு ரசாயனம் குடித்தது என்பதையெல்லாம் அது சொல்லும். காசில்லை. இன்டர்நெட்டில் திறந்து வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உள்ளே படிக்கலாம், திருத்தலாம். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் முப்பத்தோரு சின்ன டேனரிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

இதே வேலைக்கு விலை போட்டு ப்ரோகிராம் விற்கும் கம்பெனி, மெரிஸ்டார் லெதர்சாஃப்ட். ஃபீபி 2003 டிசம்பர் வரை அங்கேதான் வேலை பார்த்தாள். இப்போது, 2005 நவம்பரில், அவர்கள் ஒரு சிடியை எடுத்து நீட்டி, இன்று காலை அதன் காப்பியையும் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். 'இது 2003 ஜூனில் எங்கள் ஆபீசில் எழுதியது. இதைத் திருடித்தான் இந்தப் பெண் பதனம் என்று பேர் வைத்தாள். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு ப்ரோகிராமை ஒப்படைக்கட்டும்.' கையெழுத்துப் போட்டால் திருடி என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். போடாவிட்டால் போலீஸ் எழுதும். திங்கட்கிழமை பெங்களூரில் புது வேலையில் சேர வேண்டிய பெண்ணுக்கு இரண்டில் எது நல்லது?

"சரி, நேத்து நீ சொன்ன அந்தப் பேர் விஷயம்" என்றாள் குர்ஷித். "அந்தோணிக்கும் புரியிற மாதிரி ஒருதரம் சொல்லு."

"எனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்னு அர்த்தம்" என்றான் அந்தோணி.

ஃபீபி மூச்சை இழுத்துக்கொண்டாள். "டேனரியில ஒவ்வொரு செக்‌ஷனும் ஒரு வேலை செய்யும்ல அண்ணா? ஊற வைக்கிறது ஒரு இடம், சுண்ணாம்பு ஒரு இடம், சாயம் ஒரு இடம். ப்ரோகிராமுக்குள்ளயும் அப்படித்தான். ஒவ்வொரு செக்‌ஷனும் ஒரு கிளாஸ். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு பேர் வெக்கணும்."

"என்ன பேர் வெச்சீங்க?"

"இஷ்டத்துக்கு வெச்சோம். நான் ஆஸ்பத்திரி வார்டு பேரா வெச்சேன். ஜெயகரன் சார் நம்பர் போட்டார். சுந்தரமூர்த்தி சார் பஸ் ஸ்டாப்பிங் பேரெல்லாம் வெச்சார். சுண்ணாம்புக் கணக்குல தப்பு வந்தா விரிஞ்சிபுரத்தைத் திறந்து பாக்கணும். கான்பூர்லேர்ந்து ஒருத்தர் உதவி பண்ண வந்தார். 'விரிஞ்சிபுரம்னா எந்த ரசாயனம்?'னு மெயில் அனுப்பினார்."

அந்தோணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"அதான் இந்த வருஷம் பிப்ரவரியில, ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச் முடிஞ்சதும் பாலிடெக்னிக் லேப்ல மூணு பேரும் உக்காந்தோம். நான் ஒரு ரூல் எழுதிட்டுப் போனேன். பேர்ல முதல்ல பொருள் வரணும், அப்புறம் அதோட வேலை வரணும். லாட் எடை பாக்கறதுன்னா, லாட் வெயிட் ரீடர். அவ்ளோதான். யார் திறந்தாலும் புரியும். சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பேரையும் மாத்திட்டோம்."

"கேட்டியா அந்தோணி?" குர்ஷித் நாற்காலியை முன்னால் இழுத்தாள். "இந்த சிடியில புதுப் பேர் இருந்தா, அது 2003-ல எழுதுனதா இருக்க முடியாது. பிப்ரவரிக்கு அப்புறம் காப்பி அடிச்சதுன்னு ஆயிடும். கேஸ் முடிஞ்சுது. போடு சிடியை."

ஃபீபி போட்டாள். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே திறந்தது. பட்டியல் வந்தது. ஃபீபி படிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள்.

"மேடம்... லேபர் வார்டு, கேஷுவால்டி, பொய்கை, மாதனூர்... எல்லாம் பழைய பேர்."



"நல்லா இருக்கு" என்றான் அந்தோணி. "நம்ம சாட்சியே அவங்களுக்கு ஆதரவா பேசறான்."

"வாய மூடு" என்றாள் குர்ஷித். ஆனால் கண்ணாடியைக் கழற்றி வேகமாகத் துடைத்தாள். எவனோ கெட்டிக்காரன். பேரைக் கொண்டு பிடிப்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறான். அல்லது, கடவுளே, இந்தப் பெண் பொய் சொல்கிறாள்.

அந்தோணிக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. சும்மா நிற்கப் பிடிக்காமல் திரையைப் பார்த்து, பழைய தொழில் குரலில், மூக்கால் வாசிக்க ஆரம்பித்தான்.

"கொணவட்டம், பொய்கை, விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, அகரம்சேரி, மாதனூர், ஆம்பூர் எறங்கு... ஒடுகத்தூர்..."

நின்றுவிட்டான்.

"இது இன்னா இங்க வந்துச்சு?"

"எது?"

"ஒடுகத்தூர் மேடம். ஒன்பது வருஷம் இந்த ரூட்ல டிக்கெட் கிழிச்சிருக்கேன். ஆம்பூர் பஸ்ஸு ஒடுகத்தூர் போவாது. அது அணைக்கட்டு வழியாப் போற பஸ்ஸு. ரோடே வேற. ஆம்பூர் பஸ்ஸுல ஏறி ஒருத்தன் ஒடுகத்தூர்னு டிக்கெட் கேட்டா, எறக்கி விட்டுடுவோம்."

ஃபீபி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். அந்தக் கிளாஸைத் திறந்தாள். இரண்டு வரி படித்தாள்.

"இது என்னோட உப்புக் கணக்கு!"

குரல் உயர்ந்துவிட்டது. தோல் உப்புப் போட்டுத்தான் வரும். கழுவினால் உப்பு தண்ணீரோடு போகும். எவ்வளவு போயிற்று என்று இப்போதெல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கேட்கிறார்கள். பதனத்தில் டேனரிக்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வது அந்தக் கணக்கைத்தான்.

"இதை நான் ஆகஸ்ட்ல எழுதினேன் மேடம். பேர் மாத்தி ஆறு மாசத்துக்கு அப்புறம். இதுக்குப் பழைய பேரே கிடையாது. பொறக்கும்போதே புதுப் பேரோடதான் பொறந்துச்சு."

"அப்போ இதுக்குப் பழைய பேர் மாதிரி ஒண்ணு வெச்சது யாரு?" குர்ஷித் எழுந்துவிட்டாள். "ஆனா இது போதாதும்மா. 'இவ 2003-லயே எழுதி ஒளிச்சு வெச்சுட்டு, ஆகஸ்ட்ல வெளியில விட்டா'ன்னு வக்கீல் ஒரே வரியில முடிச்சுடுவார். பஸ் ஸ்டாப்பிங் பேரெல்லாம் வெச்சவர் யாரு? சுந்தரமூர்த்தியா? போன் போடு."

"ஆம்பூர்ல ஷூ ஃபேக்டரியில இருப்பார் மேடம். கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். மொபைல் கிடையாது. இருந்தாலும் கேட்லயே வாங்கி வெச்சுடுவாங்க."

அப்போதுதான் ஃபீபியின் போன் அடித்தது. ஜெயகரன். பாலிடெக்னிக் லெக்சரர், பதனத்தை ஆரம்பித்தவரே அவர்தான். குர்ஷித் ஸ்பீக்கரைப் போடச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"ஃபீபி, சாப்ட்டியாம்மா?" குரலில் அத்தனை அக்கறை. "கேளு. பிடிவாதம் பிடிக்காத. போலீஸு, கோர்ட்டுன்னு போனா உங்க அம்மா தாங்க மாட்டாங்க. கையெழுத்துப் போட்டுடு. நான் கூடவே இருக்கேன்."

"சார், அந்த சிடியில..."

"சிடியப் பத்திப் பேசாத. நான் அதைக் கையால தொடக்கூட இல்ல, பாக்கவும் மாட்டேன். அதைப் பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும். மூணரைக்கு மெரிஸ்டார் வாசல்ல நிக்கிறேன். தைரியமா வா."

போன் வைத்ததும் குர்ஷித் ஃபீபியின் தோளைப் பிடித்தாள். "நீ போ. போய் உக்காரு. நாங்க வர்ற வரைக்கும் பேனாவத் தொடாத. தண்ணி கேளு, பாத்ரூம் போ, மயக்கம் வருதுன்னு சொல்லு. இங்க பாத்தது எதையும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. உங்க சார்கிட்டயும்தான். அவர் பாசத்துல எங்கயாவது சண்டைக்குப் போயிடுவார். புரிஞ்சுதா?"

ஃபீபி தலையாட்டினாள்.

குர்ஷித்தின் மாருதி ஆம்னி வேலூரைத் தாண்டும்போது மணி ஒன்று. நான்கு வழிச்சாலை வேலைக்காக ரோட்டை ஊர் ஊராகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குர்ஷித் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினாள். அந்தோணி கைப்பிடியை விடவே இல்லை.

"மேடம், எனக்கென்னவோ அந்த சுந்தரமூர்த்திதான்னு தோணுது. பஸ் ஸ்டாப்பிங் பேர் வெக்கிறது அவர் பழக்கம். வேற யாருக்கு இந்தப் புத்தி வரும்?"

"அவரா இருந்தா ரூட்ல தப்பு பண்ணுவாரா?"

"அவசரத்துல பண்ணியிருப்பார்."

"பழைய பேரெல்லாம் இன்டர்நெட்லயே கெடக்குது அந்தோணி. உலகத்துல யார் வேணா எடுக்கலாம்."

"திறந்து போட்ட வீட்டுல திருடன எங்கன்னு தேடுறது?"

பள்ளிகொண்டாவில் ஒரு லாரி வழிவிடாமல் பத்து நிமிஷத்தைத் தின்றது. ஆம்பூர் ஃபேக்டரி கேட்டில் வண்டி நின்றபோது மணி இரண்டு பத்து.

செக்யூரிட்டியைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "ஃபேமிலி விஷயம்பா, அவசரம்" என்று அந்தோணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற பிறகுதான் செக்யூரிட்டி சுந்தரமூர்த்தியை வரவழைத்தான். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனுஷன், நீல ஏப்ரன், கையில் பசை காய்ந்திருந்தது. யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற முகம். இந்த ஆள் திருடனாக இருந்தால் நான் கண்டக்டராக இருந்ததே பொய் என்று அந்தோணிக்கு அந்த நிமிஷமே பட்டது.

குர்ஷித் ஒன்றும் விளக்காமல், சிடியில் எந்தப் பேர் எந்தக் கணக்கு என்று அச்செடுத்து வந்த பட்டியலை நீட்டினாள். சுந்தரமூர்த்தி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிப் பேரில் விரல் நின்றது.

"யார் வெச்சது இதை?"

குரல் மாறிப்போயிருந்தது. அந்த மனுஷனுக்குக் கோபம் வரும் என்று ஆம்பூரில் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

"யாருன்னுதான் சார் தேடுறோம். ஏன் கோவப்படுறீங்க?"

"பின்ன? இது ரூட்லயே இல்லையே! லாட்டு எப்படிப் போவும்?"

"லாட்டு எங்க சார் போவுது?" என்றான் அந்தோணி.

சுந்தரமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செக்யூரிட்டி மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"தோலு வேலூர்ல பஸ் ஏறுதுன்னு வெச்சுக்கங்க. கொணவட்டத்துல எடை போடுறது. பொய்கையில ஊற வெக்கிறது. விரிஞ்சிபுரத்துல சுண்ணாம்பு. பள்ளிகொண்டாவுல பதப்படுத்துறது. அகரம்சேரியில சாயம். மாதனூர்ல பாலீஷ். ஆம்பூர்ல எறங்கி, பெட்டியில ஏத்தி அனுப்புறது. ஒரு ஸ்டாப்பிங் முடியாம அடுத்த ஸ்டாப்பிங் வராது. ஒரு லாட்டு எங்கயாவது நின்னுபோச்சுன்னா, எந்த ஊர்ல நிக்குதுன்னு பாத்தா போதும். எனக்கு மனசுல ரூட்டு இருக்கும், தப்பே வராது."

அந்தோணி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஒன்பது வருஷம் அதே ரூட்டில் போய் வந்தவனுக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்குமா?

"சும்மா வாய்க்கு வந்த ஸ்டாப்பிங் இல்லையா சார் இது?"

"இல்லப்பா. எல்லாரும் அப்படித்தான் நெனைச்சாங்க."

"பேர் மாத்துன அன்னிக்கி நீங்க சொல்லலியா?" என்றாள் குர்ஷித்.

"யாரும் கேக்கல மேடம். போர்டுல எழுதி வெச்சு சிரிச்சாங்க. நானும் கூடச் சிரிச்சேன்." பேனாவை மூடினார். "ஃபீபி ரூல்தான் சரி, நான் ஒண்ணும் சொல்லல. என் ரூட்டு எனக்கு மட்டும்தானே புரியும்? கான்பூர்காரனுக்குப் புரியுமா? ஆனா இது... உப்புக் கணக்குன்னா கழுவுற எடத்துல, பொய்கையிலயே முடிஞ்சுடணும். தோலு எதுக்கு இன்னொரு பஸ் புடிச்சு மலையடிவாரத்துக்குப் போவணும்? இதை எழுதுனவனுக்கு ப்ரோகிராமும் தெரியல, என்னையும் தெரியல."

குர்ஷித் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கண்டுபிடித்துவிட்டாள் என்பதற்கு அது அடையாளம். எதை என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

"சார், உங்களுக்கு இன்னிக்கி அரை நாள் லீவு. ஏப்ரனோடயே வண்டியில ஏறுங்க."

"மேனேஜர் திட்டுவாரு மேடம்."

"ஃபீபி ஜெயிலுக்குப் போற மாதிரி இருக்கு சார்."

சுந்தரமூர்த்தி பேனாவைச் செக்யூரிட்டி மேஜையில் போட்டார். அவர்தான் முதலில் வண்டியில் ஏறினார்.

திரும்பும் வழியில் மாதனூரில் ரோடு அடைபட்டது. ஜல்லி லாரி ஒன்று குறுக்கே நின்றது. மூன்று மணி இருபது. ஃபீபியின் மொபைலுக்கு அடித்தார்கள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது அணைத்துவிட்டிருந்தார்கள். குர்ஷித் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தோணி இறங்கிப் போய், பழைய பழக்கத்தில் லாரிக்காரனுக்கு 'ரைட், வா, வா, ஒடிச்சுக்கோ' என்று கத்தி வழி உண்டாக்கினான். அவன் தாவி ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"ரெண்டு பேரும் கேளுங்க" என்றாள் குர்ஷித், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "அந்த ரூம்ல அந்தக் கடைசி ஊர் பேரை யாரும் சொல்லக்கூடாது. 'ரூட்ல இல்லாத ஊர்'னு மட்டும்தான் சொல்லுவேன். என் தலை போனாலும் பேர் வெளியில வரக்கூடாது. முக்கியமா நீ, அந்தோணி."

"நான் இன்னா மேடம் பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. அதான் இப்பவே சொல்றேன்."

வேலூரில் மெரிஸ்டார் ஆபீசின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது நாலு மணி ஏழு நிமிஷம்.

நீளமான மேஜை. ஒரு பக்கம் மேனேஜர் சாமிநாதன், பக்கத்தில் கறுப்புக் கோட்டு வக்கீல். எதிரே ஃபீபி. அவளுக்கு முன்னால் கடிதம். ஜெயகரன் அவள் நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தன் பேனாவின் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஃபீபி வாங்கியும் விட்டாள்.

"அம்மா, வை அதை!" அந்தோணி கத்தியது ரிசப்ஷன் வரை கேட்டிருக்கும்.

சாமிநாதன் எழுந்தார். "யாருங்க நீங்க? இது..."

"இந்தப் பொண்ணோட ஆளுங்க" என்றாள் குர்ஷித், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "அஞ்சு நிமிஷம். அப்புறம் அவளே கையெழுத்துப் போடுவா. சார், உங்க சிடியில இருக்கற பஸ் ஸ்டாப்பிங் பேரெல்லாம் யார் வெச்சது?"

"இந்தப் பொண்ணுதான். எங்க ஆபீஸ்ல உக்காந்து வெச்சது."

"அப்படீன்னா ஏன் அந்த வரிசையில வெச்சான்னு சொல்லுங்களேன்."

"வரிசையாவது ஒண்ணாவது. டெக்னிக்கல் சமாச்சாரம் எனக்குத் தெரியாது."

"இவருக்குத் தெரியும்." குர்ஷித் திரும்பினாள். "சொல்லுங்க சார்."

சுந்தரமூர்த்தி ஏப்ரனோடு நின்று சொன்னார். முதல் இரண்டு ஊருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஓட்டம் பிடித்துவிட்டது. எடை, ஊறல், சுண்ணாம்பு, பதப்படுத்தல், சாயம், பாலீஷ், அனுப்புதல். வக்கீல் தன் பிரதியைப் புரட்டி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். அத்தனையும் பொருந்தின. ஃபீபி வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். ஜெயகரனின் கை நாற்காலியிலிருந்து மெதுவாக விலகியது.

"ஆக, பேர் வெச்சவருக்கு ஒரு ரூட்டு இருந்துச்சு" என்றாள் குர்ஷித். "அதைப் புரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான். ஆனா இந்த சிடியில ஒரு கிளாஸுக்கு மட்டும் ரூட்ல இல்லாத ஊர் பேர் இருக்கு. அதை அவரும் வெக்கல, ஃபீபியும் வெக்கல. பின்னால யாரோ சொருகினது. இல்லன்னு சொல்லுங்க பாக்கலாம்."

சாமிநாதன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. அந்தோணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஊர் பேர் அவன் நாக்கு நுனியில் துள்ளிக்கொண்டிருந்தது.

ஜெயகரன்தான் பேசினார். வருத்தமான, நிதானமான குரல்.

"மேடம், உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா வீணா இந்தப் பொண்ணுக்கு நம்பிக்கை குடுக்காதீங்க. இதை வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. வேலூர் பஸ் ஸ்டாண்ட்லேர்ந்துதானே ஒடுகத்தூர் பஸ்ஸும் கிளம்புது? ஃபீபி ஏதோ ஞாபகத்துல வெச்சிருப்பா."



"எந்த ஊர்னு சொன்னீங்க சார்?" என்றாள் குர்ஷித்.

ஜெயகரன் கையிலிருந்த பேனா மூடியை மேஜை மேல் வைத்தார்.

"மத்தியானம் போன்ல, சிடியைக் கையால தொடக்கூட இல்லைன்னீங்க. இந்த ரூம்ல நான் ஊர் பேரைச் சொல்லல. இவர் சொல்லல. மேனேஜருக்கோ டெக்னிக்கல் சமாச்சாரம் தெரியாதாம். வேலூரைச் சுத்தி எத்தனை ஊரு இருக்கு சார்? அதெப்படி சரியா அதைப் புடிச்சீங்க?"

"ஃபீபி... ஃபீபிதான் சொன்னா."

"நான் சொல்லல சார்" என்றாள் ஃபீபி. குரல் மிகச் சின்னதாக வந்தது. "மேடம் சொல்லக்கூடாதுன்னாங்க. நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல சார்."

வக்கீல் கோப்பை மூடிக் கயிற்றைக் கட்டினார். "சாமிநாதன் சார், இதைத் தூக்கிக்கிட்டு நான் எந்தக் கோர்ட்டுக்கும் வர மாட்டேன். நீங்களும் போவாதீங்க. போனா உள்ள போறது நீங்களாத்தான் இருக்கும்." எழுந்து போயே விட்டார். சாமிநாதன் மேஜை மேலிருந்த தங்கள் சிடியை எடுக்கக் கை நீட்டினார். அந்தோணி அதன்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"இருக்கட்டும் சார். எங்க மேடம் பாட்டுக் கேப்பாங்க."

ஜெயகரன் உட்கார்ந்துவிட்டார். பிறகு யாரும் கேட்காமலே பேசினார்.

"ஏழு ஸ்டாப்பிங்கும் தீர்ந்துபோச்சு. உப்புக்கு ஒரு பேர் வேணும். என் வீட்டுக்காரம்மாவுக்கு ஒடுகத்தூர். சனிக்கிழமை சனிக்கிழமை போற பஸ்ஸு. கை அதுவா அடிச்சுடுச்சு. அது ஒரு வரிசைன்னு எனக்குத் தெரியாது சுந்தரமூர்த்தி. சத்தியமா தெரியாது."

"ஏன் சார்?" என்றாள் ஃபீபி. "எனக்கு ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"ஏனா?" அவர் கண்கள் சிவந்திருந்தன. "இதை ஆரம்பிச்சது யாரு? முதல் வரி எழுதினது யாரு? அந்த ஞாயித்துக்கிழமை என் நம்பரையெல்லாம் அழிச்சுட்டு உன் ரூலை ஏத்துனீங்க. அதுக்கப்புறம் ஆம்பூர்ல எந்த டேனரிக்குப் போனாலும் 'ஃபீபி ப்ரோகிராம்'. என் ஸ்டூடன்ட்ஸே 'ஃபீபி மேடம் ப்ரோகிராம்'னு சொல்றாங்க. மெரிஸ்டார்ல ப்ரோகிராம் விக்கிற டப்பா மேல என் பேரை அச்சடிச்சுத் தர்றோம்னாங்க. பதனத்துல என் பேர் எங்க இருக்கு? சொல்லு. எங்கயாவது இருக்கா?"

அந்தோணிக்குக் கை துறுதுறுத்தது. ஒரு அறை விட்டால்தான் தீரும் போலிருந்தது. குர்ஷித் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஃபீபி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சார், எங்க ஃபைல்ல ஒவ்வொண்ணுக்கும் மேல மூணு வரி இருக்கும். இந்த சிடியில அது இல்ல. நீங்கதான எடுத்தீங்க?"

"தேதி கீதி இருக்கும்னு எடுத்தேன். ஒரே கமாண்ட்ல எல்லாத்துலயும் வெட்டிட்டேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"பிப்ரவரிக்கு அப்புறம் அந்த மேல் வரிய நான் கண்ணால பாத்ததே இல்ல. எதுக்குப் படிக்கணும்?"

ஃபீபி எழுந்தாள். சாமிநாதனின் லேப்டாப்பைக் கேட்காமலே தன் பக்கம் திருப்பினாள். பதனத்தின் பக்கத்தைத் திறந்து, பட்டியலில் ஒன்றை அழுத்தி, ஜெயகரனின் முன்னால் தள்ளினாள். அந்தோணி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மேலே மூன்று வரிகள். முதல் வரி தேதி. இரண்டாவது வரி வேலை. மூன்றாவது வரியில் எழுதியவர்கள்: ஜெயகரன், சுந்தரமூர்த்தி, ஃபீபி.

"ரூல்ல இதுவும் ஒண்ணு சார். பேர் வரிசைய நான்தான் வெச்சேன்."

ஜெயகரன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எல்லா ஃபைல்லயுமாம்மா?"

"நூத்தி நாப்பத்தி மூணுலயும் சார். இப்ப நீங்க பாக்கறது உப்புக் கணக்கு. இதுல நீங்க ஒரு வரிகூட எழுதல. இதுலயும் உங்க பேர்தான் சார் முதல்ல இருக்கு."